“வந்துருமுங்க” என்று சொல்வதற்கு முன்: பணியிடத்தில் நம்பும்படி பேசுவது எப்படி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும்வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் ஆண்டில், சாயப்பட்டறையிலிருந்து துணி எப்போது வரும் என்று மேலாளர் கேட்டார். “நாளைக்கு வந்துருமுங்க சார்” என்றேன். அவர் அதை நம்பி மறுநாள் காலைக்குக் கட்டிங் மேசையை ஒதுக்கினார். ஆட்களையும் வரச் சொல்லிவிட்டார். துணி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அவர் சத்தம் போடவில்லை. “வந்துரும்னு யாருங்க சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பட்டறையில் தொலைபேசியை எடுத்த யாரோ ஒருவர் “ஆயிருமுங்க” என்றிருந்தார். அவர் மேற்பார்வையாளரா, கணக்குப் பார்ப்பவரா என்று நான் கேட்கவில்லை. துணி சாய இயந்திரத்தில் ஓடுகிறதா, காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காமல் இருக்கச் செய்யும் இறுதி வேலை) வரை வந்துவிட்டதா என்றும் கேட்கவில்லை. அவர் வாயில் ‘ஆயிரும்’ என்று வந்த பேச்சு என் வாயில் ‘வந்துரும்’ ஆகி, மேலாளர் காதுக்குப் போனபோது வாக்குறுதியாகிவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் அடுத்த பல மாதங்களுக்கு நான் எதைச் சொன்னாலும் அவர் வேறு ஒருவரிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பணியிடத்தில் ஒருவர்மேல் நம்பிக்கை பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்களில்தான் வளர்கிறது, குறைகிறது. பிறகு பல ஆண்டுகள் இதே தொழிலில் இருந்து, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, துணியையும் நூலையும் பற்றிச் சொல்வதற்கு முன் சொற்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவற்றில் பயன்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பனியன் தொழிலைச் சேர்ந்தவை என்றாலும், மருத்துவமனையிலோ வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்கள் துணி என்று வரும் இடத்தில் தங்கள் வேலையை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

வினைச்சொல்லுக்குள் மறையும் ஆள்

தமிழ் வினைச்சொற்களில் தன்வினை, பிறவினை என்று இரண்டு வகை உண்டு என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். உடைந்தது, உடைத்தேன், விடுபட்டது, விட்டுவிட்டேன், மாறிவிட்டது, மாற்றிவிட்டேன் என்று இணை இணையாக வரும். இந்த வசதியைப் பணியிடத்தில் நாம் அறியாமலே ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிவிடுகிறோம். “மெயில் விடுபட்டுப் போச்சுங்க”, “அளவு மாறிடுச்சுங்க”, “லேட் ஆயிருச்சுங்க” என்னும்போது தவறு தானாகவே நடந்ததுபோல் ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு உடனே எழும் கேள்வி, இதை யார் செய்தார் என்பதுதான். அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் கேட்டுக்கொள்வார். பதில் கிடைக்காத இடத்தில் தாமே ஒரு பதிலை வைத்துக்கொள்வார்.

ஆகவே முதல் பயிற்சி இது. தவறு உங்களுடையது என்றால் வினையைத் தன்மை ஒருமைக்கு மாற்றுங்கள். “திருத்திய அளவுப் பட்டியலை பேட்டர்ன் மாஸ்டருக்கு அனுப்ப மறந்துவிட்டேன். ‘எம்’ (M) அளவில் 200 உருப்படிகள் பழைய அளவில் வெட்டப்பட்டுவிட்டன. மீதி வெட்டுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வெட்டியதை எஸ் அளவுக்குக் குறைக்க முடியுமா என்று மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு உங்களிடம் சொல்கிறேன்.” இதில் செய்தவர், நடந்தது, நிறுத்தியது, அடுத்த தகவல் வரும் நேரம் ஆகிய நான்கும் இருக்கின்றன. மன்னிப்பு ஒரு முறை கேட்டால் போதும். “ரொம்ப ரொம்ப சாரிங்க, இனிமே சத்தியமா இப்படி நடக்காதுங்க” என்று நீட்டினால், மேலாளர் 200 உருப்படியை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

தவறு மற்றவருடையது என்றால் என்ன செய்வது என்று பயிற்சிக்கு வருபவர்கள் எப்போதும் கேட்பார்கள். பலர் கூடியிருக்கும் இடத்தில் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; எந்த நிலையில் நடந்தது என்று சொன்னால் போதும். “கட்டிங்குக்குப் போன பட்டியல் பழையது” என்பது உண்மை, அதில் யாரையும் காட்டிக்கொடுத்த குற்றமும் இல்லை. மின்தடை, மழை, துறைமுக நெரிசல் போன்று உண்மையிலேயே செய்தவர் இல்லாத இடங்களில் ‘ஆகிவிட்டது’ என்ற வினையே சரியானது. அதை அந்த இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால், நீங்கள் ‘ஆகிவிட்டது’ என்று சொல்லும்போது மற்றவர்கள் நம்புவார்கள்.

‘பார்க்கிறேன்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

“பாக்கறேனுங்க” என்பதை எங்கள் ஊரில் மூன்று பொருளில் பயன்படுத்துகிறோம். விசாரித்துச் சொல்கிறேன் என்பது ஒன்று, முயற்சி செய்கிறேன் என்பது மற்றொன்று. மூன்றாவது, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை என்பது. சொல்பவருக்குத் தாம் எந்தப் பொருளில் சொன்னோம் என்று தெரியும். கேட்பவர் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார். சம்பந்தி வீட்டு அழைப்புக்கு இந்தச் சொல் போதும், ஏன், அங்கே அதுதான் பண்பு. கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய தேதிக்கு இது போதாது. கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் தலையில்தான் விழும்.

எனவே ‘பார்க்கிறேன்’ என்று நாக்கில் வரும்போது, மூன்றில் எது என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதற்கு உரிய வினையைச் சொல்லுங்கள். “பட்டறையில் கேட்டுவிட்டு நான்கு மணிக்குச் சொல்கிறேன்.” “இன்று முடிக்க முயல்கிறேன். எம்ப்ராய்டரியில் ஆள் கிடைத்தால்தான் நடக்கும்.” “இன்று முடியாது. வியாழக்கிழமை காலை தருகிறேன்.” மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லத்தான் பலருக்குக் கூச்சம். ‘முடியாது’ என்ற சொல் தனியாக நின்றால் கடுமையாகத்தான் ஒலிக்கும். அதன் பக்கத்திலேயே எது முடியும், எப்போது முடியும் என்பதை வைத்துவிட்டால் கடுமை போய்விடும்.

எவ்வளவு உறுதியோ அவ்வளவு சொல்

நம்பிக்கையோடு பேச வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் பலர், ‘நினைக்கிறேன்’, ‘இருக்கலாம்’ போன்ற சொற்களை அடியோடு நீக்கிவிடச் சொல்வார்கள். இதை நான் ஏற்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்பவரைப் பத்து நாள் நம்பலாம். அதற்குமேல் யாரும் நம்ப மாட்டார்கள். உறுதியைக் காட்டும் சொல்லும் கையில் இருக்கும் ஆதாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதோடு, அந்தச் சொல்லுக்குப் பேசுபவரும் கேட்பவரும் ஒரே பொருளைக் கொள்ள வேண்டும். இந்த இரண்டாவதுதான் கடினம்.

அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவில் மதிப்பீடுகளை எழுதும் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட் இதை நேரில் கண்டார். 1951-இல் யூகோஸ்லாவியாமீது படையெடுப்பு நடக்குமா என்று எழுதிய அறிக்கையில், அதைக் கருத்தில் கொள்ளத்தக்க ஒரு சாத்தியம் என்று அவரது குழு குறிப்பிட்டது. அதைப் படித்த ஓர் அதிகாரி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். படையெடுப்பு நடக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு என்று தாம் எண்ணியதாகக் கென்ட் சொன்னபோது அந்த அதிகாரி திடுக்கிட்டார். அவர் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார். பிறகு கென்ட் தம் குழுவினரிடமே கேட்டுப் பார்த்தார். ஒன்றாக உட்கார்ந்து, ஒரே சொல்லுக்கு ஒப்புதல் அளித்தவர்கள் மனத்தில் இருந்த எண்கள் நூற்றுக்கு 20 முதல் 80 வரை சிதறிக் கிடந்தன. சொல்லைப் பற்றிச் சண்டை வராததால் பொருளிலும் ஒற்றுமை இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபின், எங்கள் பிரிவில் வினைமுற்றுகளுக்கே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ‘துணி வந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டுமானால் துணியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது டெலிவரி சலான் கையில் இருக்க வேண்டும். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் வண்டி கிளம்பிவிட்டது, வண்டி எண் தெரியும் என்று பொருள். ‘நாளை மாலை வரும்’ என்றால், பட்டறையில் பொறுப்பில் இருப்பவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், துணி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ‘வரலாம்’ என்றால் இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. அது என்ன என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். “நாளை வரலாம், ஷேடு சரியாக இருந்தால்தான் காம்பாக்டிங்குக்குப் போகும்” என்பது முழுமையான தகவல். “நாளைக்கு வரலாமுங்க” என்று அதோடு நிறுத்துவது அரைத் தகவல். இந்த ஒழுங்கை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் வாரம் எல்லோரும் தடுமாறினார்கள், பிறகு பழகிவிட்டது.

பிறர் சொல்லக் கேட்டதைக் காட்ட நம் மொழியில் ‘ஆம்’ என்ற விகுதி இருக்கிறது. “வருமாம்” என்றாலே சொன்னவர் வேறொருவர் என்று விளங்கிவிடும். எவ்வளவு அழகான வசதி! ஆனால் அலுவலகத்தில் அது வம்புப்பேச்சுபோல் ஒலிப்பதால் எல்லோரும் அதை உதறிவிட்டு, கேள்விப்பட்டதைத் தாமே பார்த்ததுபோல் சொல்லிவிடுகிறோம். என்னுடைய ‘வந்துருமுங்க’ அப்படிப்பட்டதுதான். ‘ஆம்’ வேண்டாம் என்றால் ஆளையாவது சொல்ல வேண்டும். “நாளை மாலை அனுப்புவதாகப் பட்டறை மேற்பார்வையாளர் சொன்னார், நான் துணியைப் பார்க்கவில்லை.” இதில் கடைசி மூன்று சொற்களைச் சொல்லத் துணிவு வேண்டும். அவற்றைச் சொல்பவரைத்தான் மேலாளர் அடுத்த முறை முதலில் கூப்பிடுவார்.

‘கண்டிப்பா’, ‘நிச்சயமா’, ‘நூத்துக்கு நூறு’ ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தேதியைச் சொன்னபின் ‘கண்டிப்பா’ சேர்த்தால், அதற்கு முன் ‘கண்டிப்பா’ இல்லாமல் சொன்ன தேதிகளெல்லாம் என்ன ஆயின என்ற ஐயம்தான் எழும். எடுத்துவிடுங்கள்.

மரியாதை வேறு, தயக்கம் வேறு

1970-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் ஓ’பார் என்ற மானுடவியலாளரும் அவரது குழுவினரும் நீதிமன்ற விசாரணைகளை ஒலிப்பதிவு செய்து, சாட்சிகள் பேசும் விதத்தை ஆராய்ந்தார்கள். ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பேசிப் பதிவு செய்து கேட்கவைத்தபோது, ‘ஏதோ’, ‘போல’, ‘நினைக்கிறேன்’ என்ற வகைச் சொற்களும் இழுப்பும் கலந்த பேச்சைவிட, நேராகச் சொன்ன பேச்சையே கேட்டவர்கள் அதிகம் நம்பினார்கள். நம்பிக்கையைக் குறைக்கும் அந்தப் பேச்சு முறையின் பட்டியலில் ‘மிகவும்’, ‘ரொம்ப’ போன்ற அழுத்தச் சொற்களும் இருந்தன என்பது பலர் கவனிக்காத செய்தி. தயங்கிப் பேசுவது பெண்களின் இயல்பு என்று அப்போது பேசப்பட்டு வந்தது. நீதிமன்றத்தில் அது பால் சார்ந்ததாக இல்லாமல், பெரும்பாலும் சமூக நிலையும் நீதிமன்ற அனுபவமும் சார்ந்ததாக இருந்தது. அனுபவம் மிகுந்த பெண் சாட்சிகள் நேராகப் பேசினார்கள். எளிய நிலையில் இருந்த ஆண்கள் தயங்கினார்கள்.

அந்தப் பட்டியலில் மிகைப் பணிவுச் சொற்களும் இருக்கின்றன. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, ‘ங்க’ போடாதே, ‘சார்’ சொல்லாதே என்று கற்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. கொங்கு நாட்டில் ‘ங்க’ இல்லாத பேச்சைத் துணிவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, திமிர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். “கட்டிங்கை நிறுத்தணுமுங்க” என்ற வாக்கியத்தில் மரியாதையும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. நம்பிக்கையைக் குறைப்பவை வேறு: “தப்பா நினைச்சுக்காதீங்க”, “எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா”, “சும்மாதான் கேக்கறேன்”, “கொஞ்சம்”, “ஒரு மாதிரி”. இவை கேட்பவரின் தகுதியைக் கூட்டுவதில்லை. சொல்லப்படும் செய்தியின் எடையைத்தான் குறைக்கின்றன.

எங்கள் தொழிலில் இது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். மூன்றாவது லாட் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதி) துணி, வாங்குபவர் ஒப்புதல் தந்த நிறத்தைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த தரக்கட்டுப்பாட்டுப் பெண் மேலாளரிடம் போய், “சார், கொஞ்சம் டார்க்கா இருக்கற மாதிரி இருக்குங்க, நீங்க ஒருவாட்டி பாத்தீங்கன்னா நல்லாருக்கும்” என்கிறார். மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டே தலையை ஆட்டுகிறார். ஒரு மணி நேரத்தில் அந்த லாட் வெட்டி முடிக்கப்பட்டுவிடுகிறது. அவர் சொல்லியிருக்க வேண்டியது இது: “சார், கட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்க. மூணாவது லாட் அப்ரூவல் ஷேடை விட அடர்த்தியா இருக்கு. லைட் பாக்ஸ்ல டி65 வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். ஸ்வாட்ச் இதோ இருக்குங்க.” செய்ய வேண்டியது முதலிலும், காரணம் இரண்டாவதாகவும், பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் சோதித்த விதம் மூன்றாவதாகவும் வருகின்றன, கையில் துணித்துண்டு இருக்கிறது. மரியாதை எங்கும் குறையவில்லை.

இந்த வேறுபாடு உயிரையே எடுத்த ஒரு நிகழ்வும் உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் காத்திருக்க வைக்கப்பட்டது. தரையிறங்கும் முதல் முயற்சி தவறியபின், நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல்லுமாறு விமானி துணை விமானியிடம் கூறினார். துணை விமானி கட்டுப்பாட்டு அறையிடம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். ‘அவசர நிலை’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிடும் முறை உண்டு. எரிபொருள் முழுவதும் தீர்ந்து விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது; அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் கேட்பவரை எழுந்து ஓட வைக்கும் சொல் அதில் இல்லை. உங்கள் பணியிடத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கும்: ‘நிறுத்துங்கள்’, ‘ஆபத்து’, ‘தேதி தவறும்’. அது எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அதையே சொல்லுங்கள்.

மேலதிகாரிகளுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. நேராகச் சொன்னவரிடம் முதல் முறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை ‘ஒரு மாதிரி இருக்குங்க’ என்ற பேச்சுத்தான் வரும். அந்தத் தயக்கத்தை வளர்த்தவர் நீங்களே.

நான், நாங்கள், நாம்

கேட்பவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் சொல்ல நமக்கு இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. “நாம தேதியை மாத்திக்கலாமுங்க” என்று வாங்குபவரின் ஏஜென்ட்டிடம் சொன்னால், தாமதத்தில் அவருக்கும் பங்கு கொடுத்துவிட்டீர்கள்; அவர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். தாமதத்துக்கு ‘நாங்கள்’, அவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுக்கு ‘நாம்’, உங்கள் கையால் செய்யப்போகும் வேலைக்கு ‘நான்’. கூட்டத்தில் “நாம இதை ஃபாலோ பண்ணணும்” என்று எல்லோரும் தலையாட்டிக் கலைந்த வேலைகளில் பாதிக்கும் மேல் யாராலும் செய்யப்படாமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் முடிவதற்குள் அந்த ‘நாம்’ என்பதை ஒருவரின் ‘நான்’ ஆக்கிவிட்டு எழுந்திருங்கள்.

எழுதும்போது

எழுத்தில் வேறு ஒரு நோய் சேர்ந்துகொள்கிறது. ‘ஆவன செய்யப்படும்’, ‘விரைவில் தெரிவிக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ ஆகியவை அலுவலகக் கடிதங்களிலிருந்து நமக்குத் தொற்றியவை. இவற்றில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. ‘செய்யப்படும்’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் யாரால் என்று கேட்டு ஒரு பெயரையும், ‘விரைவில்’ என்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தேதியையும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேதி தெரியாவிட்டால், தேதியை எப்போது சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

பயிற்சிக்கு வந்த ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த செய்தி இது: “சார், ப்ரிண்டிங் கொஞ்சம் பெண்டிங் இருக்கு, பேசிட்டு இருக்கோம், சீக்கிரம் முடிஞ்சிரும், கண்டிப்பா ஷிப்மென்ட் பாதிக்காது.” இதை இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்று கேட்டேன், 1,800 உருப்படிகள். யார் யாரிடம் பேசுகிறீர்கள்? அவரும் பிரிண்டிங் யூனிட் உரிமையாளரும். சீக்கிரம் என்றால்? செவ்வாய் இரவு. ஷிப்மென்ட் பாதிக்காது என்று எப்படித் தெரியும்? அவர் யோசித்துவிட்டு, தெரியாது என்றார். திருத்திய செய்தி இப்படி அமைந்தது: “பிரிண்டிங்கில் 1,800 உருப்படிகள் மீதி. செவ்வாய் இரவு முடித்துத் தருவதாக யூனிட் உரிமையாளர் என்னிடம் சொன்னார். புதன் காலை தையலுக்கு வந்தால் கப்பல் தேதிக்கு இரண்டு நாள் கையில் இருக்கும். புதன் வராவிட்டால் தேதி தவறும். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.” முன்னதைவிட இது நீளம். ஆனால் முன்னதைப் படித்தவர்களிடமிருந்து ஏழு கேள்விகள் வந்திருக்கும். இதற்கு ஒரு ‘சரி’ மட்டும் வந்தது.

தெரியாது என்று சொல்வது

இவை எல்லாவற்றிலும் பழகக் கடினமான சொல் ‘தெரியாது’. அதைத் தனியாக விட்டால் கையை விரித்ததாகிவிடும். எது தெரியும் என்பதை முன்னாலும், எப்போது தெரிந்துகொள்வேன் என்பதைப் பின்னாலும் வைக்க வேண்டும். சொன்ன நேரத்தில், சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், திரும்ப அழைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். தகவல் கிடைக்கவில்லையே, எதற்கு அழைப்பது என்று இருந்துவிடுவார்கள்.

போன மாதம், சேர்ந்து எட்டு வாரமே ஆன ஒரு பெண் எனக்கு மதியம் அழைத்தார். “ரெண்டாவது லாட் காம்பாக்டிங்ல ஓடுதுங்க, நானே பாத்தேன். மூணாவது லாட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலீங்க. மேற்பார்வையாளர் நாலு மணிக்கு வர்றாரு. கேட்டுட்டு நாலரைக்குச் சொல்றேனுங்க” என்றார். நாலரைக்கு அழைப்பு வந்தது. “அவரு இன்னும் வரலீங்க. இன்னமும் தெரியாதுங்க. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்.” மூன்றாவது லாட்டுக்கு ஒதுக்கியிருந்த கட்டிங் மேசையை அந்த அழைப்பை வைத்தே வேறு ஆர்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.